குத்துமதிப்பு

முப்பத்தொரு வருஷம் செம்மறிகளை எடைபோட்டேன்.
தராசுக்கு முன்னால் என் கண்.
"பதினாறரை" என்பேன்,
முள் பதினாறே முக்காலில் போய் நிற்கும்.
எலிசியோவின் கண்
கால் கிலோவுக்கு மேல் பொய் சொல்லாது என்று
புன்டா அரீனாஸ் இறைச்சிக் கூடத்தில் ஒரு பேச்சு.

குண்டிக்காய்கள் எத்தனை எடுத்திருப்பேன்!
கொழுப்புறையை விரலால் பிதுக்கினால்
வழுக்கிக்கொண்டு உள்ளங்கையில் விழும்,
சூடு ஆறாத ஜோடி.
அதற்கென்று ஒரு வேலை இருந்திருக்கும் என்று
ஒரு நாளும் நினைத்ததில்லை.

என்னுடையதில், இடது பக்கம்,
நாலு சென்டிமீட்டர் கட்டி.
டாக்டர் மிலென்கா வெர்சாலோவிச்
படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினார்.
"முழுதும் எடுக்க வேண்டாம்.
கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் நல்லதையும்.
மிச்சத்தைத் தைத்துவிடுவேன்."
கசாப்புக்காரனிடம் கசாப்பைப் பேச
யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.
அவருக்கு வரவில்லை.

பிறகு கேட்டுக் கேட்டுக் கணினியில் நிரப்பினார்.
வயது அறுபத்து மூன்று. சர்க்கரை இல்லை.
ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை மறப்பதும் உண்டு.
இன்றைக்கு வடிகட்டும் அளவு எழுபத்து நாலு.
ஒரு பொத்தானைத் தட்டினார்.
"ஒரு வருஷம் கழித்து ஐம்பத்தெட்டு.
ஐம்பதுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவே
எங்கேயும் இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இத்தனை அகலமாக நான் மதிப்புச் சொல்லியிருந்தால்
முதல் வாரமே கதவைக் காட்டியிருப்பார்கள்.
அவரும் சிரித்தார்:
"உங்கள் ஆடு செத்த ஆடு, தோன் எலிசியோ.
நான் சொல்வது உயிரோடு இருப்பதை."

கூடத்தில் பந்தயம் வைத்தோம், ஒரு பாட்டில் பிஸ்கோ.
ஒவாண்டோ அறுபது என்றான்.
குளிரறை நெல்டா ஐம்பத்தைந்து.
நான் நாற்பத்தொன்பது.
என்மேல் நானே குறைத்துக் கட்டியதை
எர்மிந்தாவிடம் சொல்லவில்லை.

அறுவை நாளில் காற்று.
ஆட்கள் பிடித்து நடக்கத் தெருவில் கயிறு கட்டியிருந்தார்கள்.
தமனியைக் கவ்வியால் இறுக்கிப்
பத்தொன்பது நிமிடம், பிறகு சொன்னார்கள்.
பத்தொன்பது நிமிடம் ரத்தமில்லாமல்
ஒரு துண்டு நான்
எனக்குத் தெரியாமல் காத்துக் கிடந்திருக்கிறேன்.

ஆறு வாரம்: நாற்பத்தேழு.
ஜெயிக்கிறேன் என்றுதான் முதலில் தோன்றியது.
படியிறங்கும்போது முழங்கால் நடுங்கியது.
அன்று எர்மிந்தா உப்பு டப்பாவை
நாற்காலி போட்டு மேல் தட்டுக்கு ஏற்றினாள்.

ஒரு நாள் முழுவதற்குமான சிறுநீரைச்
சேர்த்துவரச் சொன்னபோது
போர்வெனீரில் தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம்.
ஜலசந்தி கடக்கும் கப்பலில் மடிமேல் கேன்.
"ஆப்பிள் சாறா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
"வீட்டில் செய்தது" என்றேன்.

மூன்றாம் மாதம் ஐம்பத்து மூன்று.
வலது பக்கம் கூடுதலாகச் சுமக்கிறதாம்,
யாரும் கேட்காமலே.

வருஷம் திரும்பியது: அறுபத்தொன்று.
பாட்டில் ஒவாண்டோவுக்கு.
எனக்கு ஒரு விரற்கடை ஊற்றப் போனவன்
யோசித்து, தானே குடித்தான்.

டாக்டர் மட்டும் புருவம் சுருக்கி,
"மூன்று தப்பு" என்று எழுதிக்கொண்டார்.
"கூடத்தானே செய்தது?"
"கூடினாலும் தப்பு தப்புதான்."
பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் நான்.
பெயர் கிடையாது.
அறுபத்து மூன்று வயது, பத்தொன்பது நிமிடம், அறுபத்தொன்று.
"அடுத்தவருக்கு நான் சொல்லும் எண்
உங்களால் ஒரு மயிரிழை நகரும்" என்றார்.

வெளியே வரிசையில் ஒரு பெண்,
மீன் ஆலையின் ரப்பர் காலணிகளோடு,
படங்கள் இருந்த உறையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.
பழக்கதோஷம், பார்த்தேன்:
அறுபத்தெட்டு கிலோ, கோட்டோடு சேர்த்து.
அதற்கு உள்ளே ஒன்றும் சொல்ல வரவில்லை.

கணப்பை ஒட்டிய நாற்காலியிலிருந்து
எழுந்து தள்ளி நின்றேன்.
அவள் உட்கார்ந்தாள்.